டர்பனில் ரெவிட்: சர்வேயர் ஃபைலில் தொடங்கி நகராட்சி மேசை வரை

சென்னையிலோ கொழும்பிலோ ரெவிட் என்னும் கட்டட மாடல் மென்பொருளைப் பழகிவிட்டுத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் அலுவலகத்தில் வந்து உட்காருபவரும், அந்த ஊரின் சாட்ஸ்வர்த் பகுதியில் பிறந்து காணொளி பார்த்துத் தானாகக் கற்றவரும் முதலில் இடறி விழும் இடம் ஒன்றுதான். சுவர், கதவு, படிக்கட்டு எல்லாம் கைவரும். ஆனால் சர்வேயர் அனுப்பிய டிடபிள்யூஜி ஃபைலை (ஆட்டோகேட் வரைபடத்தை) உள்ளே கொண்டுவந்ததும் மனை தலைகீழாகக் கிடக்கும், இல்லாவிட்டால் திரையில் எங்கே போனதென்றே தெரியாது. அதைச் சமாளித்து வரைந்து முடித்தால், விதி கேட்கும் வண்ணங்கள் இல்லை என்று பிளான் திரும்பி வரும். இரண்டுமே மென்பொருளின் குறை இல்லை. வேறொரு நாட்டு டெம்ப்ளேட்டை வைத்துப் பாடம் நடத்துவதால் வரும் வினை. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை எந்த வகுப்பும் சொல்லித் தரும். இங்கே தென்னாப்பிரிக்காவில் ஒரு வேலை நகரும் வரிசையில் போவோம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வேலை: சாட்ஸ்வர்த் சரிவில், நடுச்சுவரைப் பக்கத்து வீட்டோடு பங்கிடும் ஒட்டு வீடு. அதன் மேல் ஒரு மாடி, பின்னால் ஓர் அவுட்பில்டிங். பயிற்சிக்கு இதைவிட நல்ல மனை கிடைக்காது. சரிவு, பழைய சுவர், புதிய சுவர், இடிப்பு, வடிகால் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன.

தெற்கே கூடும் எண்கள்

தென்னாப்பிரிக்க நில அளவை ‘லோ’ முறையில் நடக்கிறது. ஒற்றைப்படைத் தீர்க்கரேகை ஒவ்வொன்றும் இரண்டு பாகை அகலமுள்ள ஒரு பட்டையின் நடுக்கோடு. கேப் டவுனுக்கு 19, ஜோகன்னஸ்பர்க்குக்கு 29, டர்பனுக்கு 31. ஒய் என்பது நடுக்கோட்டிலிருந்து மேற்கே போகப்போகக் கூடும். எக்ஸ் நிலநடுக்கோட்டிலிருந்து தெற்கே போகப்போகக் கூடும். திசைக்கோணத்தையும் தெற்கிலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ணுவார்கள்: தெற்கு 0, மேற்கு 90, வடக்கு 180, கிழக்கு 270. ஆட்டோகேடும் ரெவிட்டும் கிழக்கையும் வடக்கையும் கூட்டல் பக்கமாக வைத்தவை. ஆகவே மாற்றும் விதி இது: ஒய்யின் குறியை மாற்றினால் கிழக்கு, எக்ஸின் குறியை மாற்றினால் வடக்கு.

பயிற்சிக்காக ஓர் எல்லை முளை: ஒய் +11 580.42, எக்ஸ் +3 310 136.75. இது ஆட்டோகேடில் கிடைமட்டம் -11580.42, செங்குத்து -3310136.75 என்று உட்கார வேண்டும். இங்கே தவறு இரண்டு விதமாக நடக்கும், இரண்டுக்கும் மருந்து வேறு.

குறியை மாற்றாமல் ஒய்யைக் கிடைமட்டத்திலும் எக்ஸைச் செங்குத்திலும் இட்டால் மனை 180 பாகை சுழன்று வடக்கு கீழே போய்விடும். பூஜ்யப் புள்ளியை மையமாக வைத்துத் திருப்பிச் சுழற்றினால் சரியாகிவிடும். மற்றது கொடியது. அட்டவணையில் எக்ஸ் என்று இருப்பதை அப்படியே ஆட்டோகேடின் எக்ஸாகவும், ஒய்யை ஒய்யாகவும் இட்டால் மனை கண்ணாடி பிம்பமாகிவிடும். பார்வைக்குச் சரியான மனைபோலவே இருக்கும், எல்லை நீளங்கள் எல்லாம் பொருந்தும், பரப்பளவும் பொருந்தும். வலப்பக்கத்து அண்டை வீட்டார் மட்டும் இடப்பக்கம் போயிருப்பார்கள். எவ்வளவு சுழற்றினாலும் இது திருந்தாது. இரண்டில் ஒன்றுக்கு மட்டும் குறியை மாற்றி மற்றதை விட்டாலும் இதே பிம்பம்தான் வரும்.

கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. அரசின் நில அளவைத் துறையான சர்வேயர் ஜெனரலின் வரைபடத்தில் முளைகளுக்கு எழுத்துகள் இட்டிருப்பார்கள். ஏ, பி, சி என்று விரலால் தொடருங்கள். தாளில் கடிகாரச் சுற்றில் போகும் வரிசை திரையில் எதிர்ச்சுற்றில் போனால் அது பிம்பம். ஃபைலை மேற்கொண்டு தொடாமல் சர்வேயரிடம் திருப்பி அனுப்புங்கள்.

குவாசுலு-நேட்டால் மனைகளின் சர்வேயர் ஜெனரல் அலுவலகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. அங்கிருந்து வரும் வரைபடத்தில் இரண்டு இடங்களைப் படிக்காமல் எண்ணைத் தொடக்கூடாது. முதலாவது, கோஆர்டினேட் அட்டவணையின் தலையில் இருக்கும் மாறிலி. எக்ஸுக்கு +3 300 000 என்று அங்கே ஒருமுறை எழுதிவிட்டு, கீழே ஒவ்வொரு முளைக்கும் மிச்சத்தை மட்டும் தருவார்கள். மேலே சொன்ன முளை +10 136.75 என்றுதான் தெரியும். மாறிலியைக் கூட்டாமல் விட்டால் மனை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் போய் விழும். இரண்டாவது, முறையின் பெயர். ‘டபிள்யூஜி 31’ என்று இருந்தால் அது 1999 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஹார்டபீஸ்டுக் 94 தளம் (எண்களுக்கு அடிப்படையான அளவைத் தளம்). வெறும் ‘லோ 31’ என்று மட்டும் இருக்கும் பழைய வரைபடம் பெரும்பாலும் கேப் தளத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே வடக்கு-தெற்கில் சுமார் 300 மீட்டர் இடைவெளி. பழைய எல்லையையும் புதிய உயரக்கோடுகளையும் ஒரே ஃபைலில் போட்டு, ‘ஏன் ஒட்டவில்லை’ என்று கையால் நகர்த்திப் பொருத்துபவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். பழைய நேட்டால் வரைபடங்கள் அடிக்கணக்கில் இருக்கவும் கூடும், அலகையும் பாருங்கள்.

ரெவிட்டுக்குள் கொண்டுவருதல்

ரெவிட் தன் உள் மூலப்புள்ளியிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இருப்பதைத்தான் துல்லியமாக வரையும். நம் மனையோ பூஜ்யத்திலிருந்து 3,310 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த எண்ணிலேயே கட்டடத்தை வரைந்தால் கோடுகள் நடுங்கும், ஹேட்ச் உடையும், ஸ்னாப் பிடிக்காது. கட்டடம் பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். உண்மையான எண்ணை ரெவிட் தனியாக நினைவில் வைத்திருக்க வேண்டும். அதற்கு:

1. டிடபிள்யூஜியை ஆட்டோகேடில் திறந்து நகல் எடுங்கள். ஆடிட் (பிழை திருத்துவது), பர்ஜ் (வேண்டாததை நீக்குவது) இரண்டையும் ஓட்டுங்கள். எங்கோ தொலைவில் கிடக்கும் தலைப்புப் பெட்டி, ஒற்றைப் புள்ளி போன்றவற்றை அழியுங்கள். அவை இருந்தால் ஃபைலின் பரப்பே பல கிலோமீட்டர் ஆகிவிடும்.
2. ரெவிட்டில் இம்போர்ட் வேண்டாம், லிங்க் செய்யுங்கள். அலகைத் தானாகக் கண்டுபிடிக்க விடாமல் மீட்டர் என்று நீங்களே சொல்லுங்கள். சர்வேயர் மீட்டரில் வரைவார், நாம் மில்லிமீட்டரில். இங்கே பிசகினால் மனை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, புள்ளியாகக் கிடக்கும்.
3. இடம் வைக்கும் முறை: ‘சென்டர் டு சென்டர்’. பிறகு ஒரு தெளிவான முளையைப் பிடித்து உள் மூலப்புள்ளிக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள்.
4. வீட்டின் சுவர் தாளின் விளிம்புக்கு இணையாக வரும்படி லிங்க்கைச் சுழற்றுங்கள். கட்டடத்தைச் சாய்வாக வரைவதைவிட மனையைச் சுழற்றுவது மேல்.
5. இப்போது ‘அக்வயர் கோஆர்டினேட்ஸ்’ கொடுத்து லிங்க்கைத் தொடுங்கள். டிடபிள்யூஜியின் எண்களும் உண்மை வடக்கும் ரெவிட்டுக்குள் வந்துவிடும்.
6. ஒரு முளையின் மேல் அதன் எண்களைக் காட்டும் ஸ்பாட் கோஆர்டினேட் குறியை வையுங்கள். அதன் டைப்பில் மூலம் ‘சர்வே பாயின்ட்’ என்று இருக்கட்டும். வடக்கு -3310136.75, கிழக்கு -11580.42 என்று காட்ட வேண்டும். ஒரு முளை போதாது. மனையின் எதிர்மூலையில் இன்னொன்றையும் பாருங்கள். சுழற்சிப் பிழை அங்கேதான் தெரியும்.
7. லிங்க்கும் சர்வே பாயின்ட்டும் நகராதபடி ‘பின்’ கருவியால் பூட்டிவிடுங்கள். கிளிப் நிலையில் இருக்கும் சர்வே பாயின்ட்டை யாராவது தெரியாமல் நகர்த்தினால், ஒரு கோடும் அசையாமலே அத்தனை எண்ணும் மாறிவிடும்.

களத்தில் இடம் குறிக்க அனுப்பும் அட்டவணையில் எண்களை மறுபடி ஒய், எக்ஸ் ஆக்கி, குறியைத் திருப்பித்தான் எழுத வேண்டும். ரெவிட் காட்டும் கழித்தல் எண்ணை அப்படியே கொடுத்தால் இந்த ஊர்ச் சர்வேயருக்கு அது வேறு இடம்.

உயரத்துக்கு வருவோம். சர்வேயரின் உயரங்கள் கடல்மட்டத்திலிருந்து எண்ணியவை. லெவல் டைப்பில் ‘எலவேஷன் பேஸ்’ என்பதை ப்ராஜெக்ட் பேஸ் பாயின்ட் என்று வைத்தால் தரைத்தளம் 0. சர்வே பாயின்ட் என்று வைத்தால் 87.450 போன்ற உண்மை உயரம். இரண்டு வகைத் தலைப்புகளையும் ஒரே வெட்டுப்படத்தில் கலக்காதீர்கள்.

சரிவை 2024 பதிப்பிலிருந்து டோப்போசாலிட் என்ற கருவியால் செய்கிறோம், பழைய டோப்போசர்ஃபேஸ் போய்விட்டது. உயரக்கோட்டு லேயரை மட்டும் தேர்ந்தெடுங்கள். எழுத்து, வேலி, மரம் உள்ள லேயர்களையும் சேர்த்தால் உயரம் 0 கொண்ட புள்ளிகள் புகுந்து, மேட்டின் நடுவே 90 மீட்டர்ப் பள்ளங்கள் விழும். அதேபோல் எல்லாக் கோடும் 0 உயரத்தில் தட்டையாக வந்தால் சர்வேயர் எண்ணை எழுத்தாக மட்டும் போட்டிருக்கிறார் என்று பொருள். உயரத்தோடு கேட்டு வாங்குங்கள்.

செங்கல்லுக்கு ஏற்ற உயரம்

இங்கே செங்கல் 222 × 106 × 73 மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் சாந்தோடு ஒரு வரிசை 85. டெம்ப்ளேட்டில் சுவர் வகைகள் இந்தச் செங்கல்லிலிருந்து பிறக்க வேண்டும்: உள்சுவருக்கு 106, வெளிச்சுவருக்கு 222, நடுவே 50 இடைவெளி விட்ட இரட்டைச்சுவருக்கு 262, பூச்சைத் தனி அடுக்காக வையுங்கள். வேறு நாட்டு டெம்ப்ளேட்டின் 200 அல்லது 215 சுவரை வைத்து வரைந்தால் அறை அளவுகள் களத்தில் ஒத்துவராது. அப்போது கொத்தனார் செங்கல்லை வெட்டிக்கொண்டிருப்பார்.

உயரங்களும் 85-இன் மடங்காக இருக்கட்டும். கதவுத் தலை 25 வரிசை, 2125. சுவர் 30 வரிசை, 2550. வாழும் அறைகளுக்கு விதி கேட்கும் 2.4 மீட்டர் இதற்குள் அடங்கும். மேலே தளமும் ஸ்கிரீடும் (சமன் செய்யும் சாந்துப் பூச்சும்) சேர்ந்து 255 என்று வைத்தால் தளத்துக்குத் தளம் 2805. விதிப்படி படியின் ஏற்றம் 200-ஐத் தாண்டக்கூடாது, மிதி 250-க்குக் குறையக்கூடாது. 15 ஏற்றம் வைத்தால் ஒவ்வொன்றும் 187. மிதி 14, ஓட்டம் 3.5 மீட்டர். ஒட்டு வீட்டில் இந்த 3.5 மீட்டரை எங்கே கண்டெடுப்பது என்பதுதான் மாடி கேட்பவருக்கும் வரைபவருக்கும் நடக்கும் முதல் வழக்கு. ரெவிட் படிக்கட்டு டைப்பில் 200, 250 இரண்டையும் எல்லையாக எழுதிவிட்டால் மீறும்போது அதுவே எச்சரிக்கும்.

வண்ணங்கள்

தேசியக் கட்டட விதிகளின் ஏ பகுதி, ஒப்புதலுக்கு வரும் வரைபடத்தில் பொருள்களுக்கு வண்ணம் கேட்கிறது. புதிய செங்கல் சிவப்பு, கான்கிரீட் பச்சை, இரும்பும் எஃகும் நீலம், மரம் மஞ்சள், கண்ணாடி கறுப்பு. ஏற்கெனவே இருப்பது எதுவானாலும் சாம்பல். மனைப்படத்தில் புதிய வேலை சிவப்பு, பழையது வண்ணமின்றி, இடிப்பது கறுப்புப் புள்ளிக்கோடு. வடிகாலில் மலக்குழாயும் நிலத்தடிக் குழாயும் பழுப்பு, கழிவுநீர்க் குழாய் பச்சை, மலக்குழாயின் காற்றுக்குழாய் சிவப்பு, கழிவுநீரின் காற்றுக்குழாய் நீலம், பழைய வடிகால் கறுப்பு.

இதை பிடிஎஃப் எடுத்த பிறகு கையால் வண்ணமடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருத்தம் வந்தால் மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். மெட்டீரியலின் வெட்டு வண்ணத்தையே சிவப்பாக்குவதும் சரியல்ல. அந்த வண்ணம் ஒப்பந்ததாரருக்குப் போகும் படங்களிலும் வந்து நிற்கும். எளிய வழி ‘கோர்ஸ் ஸ்கேல் ஃபில்’, அதாவது விவரம் குறைந்த காட்சியில் மட்டும் தெரியும் நிரப்பு. சுவர், தரை, கூரை டைப் ஒவ்வொன்றிலும் இது இருக்கிறது. செங்கல் சுவருக்கு முழுநிரப்பு, சிவப்பு. கான்கிரீட் தரைக்கு முழுநிரப்பு, பச்சை. நகராட்சிக்கான வியூ டெம்ப்ளேட்டில் விவர அளவை கோர்ஸ் என்று பூட்டுங்கள். களப்படங்கள் மீடியமிலோ ஃபைனிலோ இருக்கட்டும். ஒரே மாடல், இரண்டு முகம். கட்டமைப்புத் தூணுக்கும் (ஸ்ட்ரக்சரல் காலம்) உத்தரத்துக்கும் கோர்ஸ் ஃபில் கிடையாது, அவற்றுக்கு மட்டும் வியூ ஃபில்டர் போடுங்கள். குழாய்களுக்கும் அப்படியே, சிஸ்டம் வகைப்படி ஃபில்டர்.

பழையது, இடிப்பது இரண்டையும் ஃபேஸ் (வேலையின் காலகட்டம்) பார்த்துக்கொள்ளும். வீட்டை முழுவதும் ‘எக்ஸிஸ்டிங்’ ஃபேஸில் வரைந்து முடித்த பிறகே புதிய வேலையைத் தொடங்குங்கள். ஃபேஸிங் அமைப்பில் பழையதற்குச் சாம்பல் நிரப்பும், இடிப்புக்குக் கறுப்புப் புள்ளிக்கோடும் கொடுத்தால் அவை டைப்பின் சிவப்பை மீறி நிற்கும். நடுச்சுவரில் கவனம் வேண்டும். மாடிக்காக அதை உயர்த்தும்போது பழைய சுவரையே இழுத்து நீட்டாதீர்கள், புதுப்பகுதியும் சாம்பலாகிவிடும். பழைய சுவர் அதன் உயரத்தில் நிற்கட்டும். மேலே புதிய ஃபேஸில் இன்னொரு சுவர். இடிக்கும் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் இடிப்புப் படத்திலேயே எழுதுங்கள். அதைக் கழற்றுவதற்கு 2020-ஆம் ஆண்டின் தனி விதிகள் இருக்கின்றன. சாதாரணக் கூரை வேலையாள் தொடக்கூடாது.

அச்சிடும்போது ‘கலர்’ என்று தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவு பாடுபட்டுவிட்டு கிரேஸ்கேலில் பிடிஎஃப் எடுப்பது அடிக்கடி நடக்கிறது.

அட்டவணை சொல்வதும் சொல்லாததும்

கட்டட விதிகளுக்கான தேசியத் தரநிலையான எஸ்ஏஎன்எஸ் 10400-இன் சில எண்களை அறை, சன்னல் அட்டவணைகளிலேயே சோதிக்கலாம். சமையலறை நீங்கலாக வாழும் அறை 6 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, எந்தப் பக்கமும் 2 மீட்டருக்குக் குறையக்கூடாது. ஒளிக்குத் தரைப்பரப்பில் 10 சதவீதம், காற்றுக்கு 5 சதவீதம் திறப்பு. 12 சதுர மீட்டர் அறைக்கு 1.2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் உள்ள நகரும் சன்னல் வைத்தால் ஒளி 1.2 வந்துவிடும், பாதிதான் திறக்கும் என்பதால் காற்று 0.6, சரியாக எல்லையில் நிற்கும். அறையை ஒரு செங்கல் நீட்டினால் தோற்றுப்போகும்.

ரெவிட் அட்டவணையில் சன்னல் ஒவ்வொன்றுக்கும் அகலம் × உயரம் என்று கணக்குப் புலம் எழுதலாம், ‘ஃப்ரம் ரூம்’ வழியாக அறையின் பரப்பையும் இழுக்கலாம். ஆனால் ஓர் அறையில் இரண்டு சன்னல் இருந்தால் அவற்றின் கூட்டுத்தொகையைச் சூத்திரத்துக்குள் கொண்டுவர அது விடாது. அங்கே எக்செலுக்கு ஏற்றுமதி செய்வதுதான் வழி. சன்னலைப் புரட்டி வைத்திருந்தால் ஃப்ரம் ரூம் வெறுமையாக வரும், கண்ணில் படாமல் ஒரு சன்னல் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

எரிசக்திக்கான எக்ஸ்ஏ பகுதியில் கண்ணாடிப் பரப்பு ஒவ்வொரு தளத்தின் நிகரத் தரைப்பரப்பில் 15 சதவீதத்தைத் தாண்டினால் தனிக் கணக்குக் காட்ட வேண்டும். வெந்நீருக்கான ஆண்டுத் தேவையில் பாதியாவது மின்கம்பிச் சூடேற்றி அல்லாத வழியில் வர வேண்டும்; கூரைப் படத்தில் சூரிய வெந்நீர்க் கலனுக்கு இடம் விடுங்கள், அதுவும் வடக்கு நோக்கிய சரிவில். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருபவருக்குக் கை தானாகத் தெற்கே போகும். டர்பனில் ஜூன் மாத நடுப்பகல் சூரியன் வடக்கே சுமார் 37 பாகை உயரத்தில்தான் நிற்கும், டிசம்பரில் சுமார் 84. தொடக்கத்தில் சொன்ன 180 பாகைப் பிழை திருந்தாமல் இருந்தால் சன் பாத் படத்தில் நிழல் முழுக்க எதிர்ப்பக்கம் விழும். வீட்டு வராந்தா ஜூன் நடுப்பகலில் நிழலிலேயே இருப்பதாகக் காட்டினால் வடிவமைப்பைத் திருத்தும் முன் உண்மை வடக்கைச் சோதியுங்கள்.

மற்ற மென்பொருள், ஃபைல், மின்சாரம்

ரெவிட் ஒன்றே போதாது. கட்டமைப்புப் பொறியாளர் பெரும்பாலும் இந்த நாட்டிலேயே பிறந்த ப்ரோகானில் கணக்கிடுவார். சாலை, மழைநீர் வேலைக்கு சிவில் டிசைனர். சர்வேயரிடம் மாடல் மேக்கர். அளவு மதிப்பீட்டாளரிடம் வின்கியூஎஸ். அவர்களோடு பேசும் மொழி டிடபிள்யூஜியும், மென்பொருள்களுக்கிடையே மாடலைக் கடத்தும் ஐஎஃப்சியும். ஐஎஃப்சி ஏற்றுமதியில் பகிர்ந்த கோஆர்டினேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பல நிரல்கள் 3,310 கிலோமீட்டர் தொலைவில் தடுமாறும். எந்த மூலத்தில் அனுப்புவது என்று முதல் நாளே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பதிப்பையும் சேர்த்தே எழுதுங்கள். ரெவிட் ஃபைலைப் புதிய பதிப்பில் ஒருமுறை சேமித்துவிட்டால் பழையதில் திறக்காது.

மின்வெட்டு எப்போது திரும்பினாலும் ஆச்சரியப்பட இந்த நாட்டில் யாரும் இல்லை. ரெவிட் தானாகச் சேமிக்காது, நினைவூட்ட மட்டும் செய்யும். அந்த இடைவெளியை 15 நிமிடமாக வையுங்கள். பலர் சேர்ந்து வேலை செய்யும் சென்ட்ரல் ஃபைல் இருக்கும் கணினிக்கும், நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் யுபிஎஸ் வேண்டும். ஸ்விட்சை மறந்துவிடுகிறார்கள். சிங்க் (சென்ட்ரல் ஃபைலோடு ஒத்திசைப்பது) பாதியில் அறுந்தால் ஃபைல் கெட்டுப்போக அது ஒன்றே போதும். காலையில் நேற்றைய லோக்கல் ஃபைலை (சென்ட்ரலின் உங்கள் நகலை) திறக்காமல் புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது

கட்டணம் கட்டும் முன் நடத்துபவரிடம் மூன்றே கேள்வி. வகுப்பு ஃபைலில் லோ கோஆர்டினேட் உண்டா? டெம்ப்ளேட்டில் ஏ பகுதி வண்ணங்கள் உண்டா? பழைய வீட்டில் சேர்க்கும் வேலை ஒன்றை முழுதும் ஃபேஸோடு செய்ய வைப்பீர்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் அந்தப் பாடம் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்குத் தரும் இலவச உரிமம் படிப்புக்கு மட்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதில் வரைந்ததை வாடிக்கையாளருக்குக் கொடுக்கக்கூடாது. தனியாக வேலை செய்பவருக்கு ரெவிட் எல்டி மலிவு, ஆனால் அதில் பலர் சேர்ந்து வேலை செய்யும் வசதி கிடையாது.

இன்னொன்று: மென்பொருள் சான்றிதழும் வரைபடம் சமர்ப்பிக்கும் உரிமையும் வேறு வேறு. அந்த உரிமை எஸ்ஏகேப் என்னும் கட்டடக்கலைத் தொழில் மன்றத்தின் பதிவிலிருந்து வருகிறது. வரைவாளர், தொழில்நுட்பர், மூத்த தொழில்நுட்பர், கட்டடக்கலைஞர் என்று நான்கு படி அதில் உண்டு. எந்தப் படி எந்த அளவு வேலையைச் செய்யலாம் என்பதை மன்றம் வரையறுக்கிறது. வெளிநாட்டுப் பட்டம் வைத்திருப்பவர் வகுப்பில் சேரும் முன்பே பதிவு விண்ணப்பத்தைத் தொடங்குவது நல்லது. வகுப்புக்கு மன்றத்தின் தொடர்கல்விப் புள்ளி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சமர்ப்பித்த பின், 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு நகராட்சி 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும், அதற்கு மேல் 60 நாள். 1977-ஆம் ஆண்டின் 103-ஆம் சட்டம் இப்படிச் சொல்கிறது. ஒப்புதல் கிடைத்த 12 மாதத்துக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் அது காலாவதியாகும். சமர்ப்பித்த அன்றைய மாடலைத் தனி நகலாக, லிங்க் ஃபைல்களோடு சேர்த்து எடுத்து வையுங்கள். குறிப்புகள் வரும்போது திருத்த வேண்டியது அதைத்தான். அதற்குள் வீட்டுக்காரர் சொன்னதற்காகச் சமையலறையை மாற்றிவிட்ட புது மாடலை அல்ல.